மூணு முடிஞ்சிட்டுலா!



தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இவருக்கு மீன் கம்பெனியில் இறால் உரிக்கும் வேலை. ஒரே மகள், பால்வாடிக்குப் போகிறாள். அடுத்த மாதம் அவளுக்கு மூன்று வயது முடிகிறது. கடிதத்தில் இருந்த விஷயம் இவ்வளவுதான்: “பால்வாடியில் கேக் வெட்டலாமா? வெட்டினால் மற்ற பிள்ளைகள் ஏங்கிப்போகும். வெட்டாவிட்டால் என் பிள்ளை ஏங்கிப்போகும். நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.”

குழந்தை வளர்ப்பு பற்றி எத்தனையோ பேர் எழுதிக் கேட்கிறார்கள். அதற்கென்று நம் இதழில் டாக்டர்கள் இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தை மட்டும் அவர்களிடம் தள்ளிவிட மனம் வரவில்லை. இந்த மாதம் என் பக்கத்தை அவருக்குப் பதிலாகவே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் கூட உட்கார்ந்து கேளுங்கள்.

முதலில் ஒன்று. மூன்று வயசுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பற்றி என்ன தெரியும், இதெல்லாம் பெரியவர்களின் ஆசைதானே என்று சொல்கிறவர்கள் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக்குலின் வூலி, அமாண்டா ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளிடம் இதைத்தான் கேட்டுப் பார்த்தார்கள். 2017-ல் வெளியான ஆய்வு அது. ஒரு பாப்பாவுக்குப் பிறந்தநாள் விழாவே நடக்கவில்லை. இன்னொரு பாப்பாவுக்கு இரண்டு தடவை நடந்தது. இப்போது அவர்களுக்கு என்ன வயது? கணிசமான பிள்ளைகள், அதிலும் சின்னப் பிள்ளைகள், என்ன சொன்னார்கள் தெரியுமா? விழா நடக்காத பாப்பாவுக்கு வயது ஏறவில்லையாம்! கொண்டாடினால்தான் வயது கூடும் என்பது அவர்கள் கணக்கு. நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால், கூட விளையாடுகிற பிள்ளைக்கு மூணு ஆகிவிட்டது, தனக்கு ஆகவில்லை என்று ஒரு குழந்தை நிஜமாகவே நம்பிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால் அது சிரிக்கிற விஷயமில்லை. ஆகவே அம்மா, உங்கள் பயம் இரண்டுமே நியாயமானது.

‘இந்தக் கேக், மெழுகுவத்தி, ஹேப்பி பர்த்டே எல்லாம் நம்ம வழக்கமா?’ என்று அடுத்த வீட்டுப் பெரியவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். அந்தப் பாட்டின் மெட்டுப் பிறந்த இடமே ஒரு பால்வாடிதான் என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவையுங்கள். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் பாட்டி ஹில் என்றொரு மழலையர் பள்ளி ஆசிரியை இருந்தார். பெயர்தான் பாட்டி, அப்போது இளம்பெண். அவருடைய அக்கா மில்ட்ரெட் இசை தெரிந்தவர். காலையில் வகுப்புக்குள் வரும் பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்ல இருவரும் சேர்ந்து ஒரு சின்னப் பாட்டுக் கட்டினார்கள். 1893-ல் அது புத்தகத்தில் வந்தது. பிஞ்சுத் தொண்டைக்கும் எட்ட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட மெட்டு. அதனால்தான் சுருதி சேராத நாமும் இன்றுவரை அதைப் பாடித் தொலைக்க முடிகிறது. பிறகு அதே மெட்டில் பிறந்தநாள் வரிகள் ஏறிக்கொண்டன. பாட்டு தமிழில்தான் வேண்டும் என்றால் கவிஞர் அறிவுமதி எழுதிய பிறந்தநாள் பாட்டு இருக்கிறது. பல பள்ளிகளில் இப்போது அதைத்தான் பாடுகிறார்கள். இரண்டையும் பாடினால் யாரும் கேஸ் போடப்போவதில்லை.

கடிதம் வந்த சில நாளில் வேறொரு வேலையாகத் தூத்துக்குடி போக வேண்டியிருந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு பால்வாடிக்குள் எட்டிப் பார்த்தேன். அரசாங்கப் பலகையில் ‘குழந்தைகள் மையம்’ என்று எழுதியிருக்கும்; ஊர் வாயில் அது பால்வாடிதான். வாசலில் வரிசை கலைந்து கிடக்கும் சின்னச் சின்னச் செருப்புகள், சுவரில் ஆனை, மயில், அ–அம்மா. குக்கர் விசில் சத்தத்துக்கு நடுவில் டீச்சர் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஆயாம்மா முட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு பொடியன் உரித்த ஓட்டையெல்லாம் பொறுக்கித் தரையில் படகு மாதிரி வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தான். கடற்கரைப் பிள்ளையல்லவா.

பேத்தியைக் கூட்டிப்போக ஒரு ஆச்சி வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பேத்திக்கு என்ன வயசு என்றேன். “போன வாரத்தோட மூணு முடிஞ்சிட்டுலா!” என்றார் பெருமையாக. உங்களுக்கு ஆச்சி? “எனக்கு யாரு எழுதி வச்சா? கடைசியா முத்துக் குளிச்சாங்கல்லா, அதுக்கு ஒண்ணு ரெண்டு வருசம் முந்திப் பொறந்தேம்னு எங்கம்மை சொல்லுவா.”

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு முத்துப்பார்களில் குளிக்கிற அளவுக்குச் சிப்பி விளையவே இல்லை. கடல் வைத்த அந்த முற்றுப்புள்ளிதான் ஆச்சியின் பிறப்புச் சான்றிதழ். ஆதார் அட்டையை எடுத்துக் காட்டினார்; ஜனவரி 1 என்றிருந்தது. தேதி தெரியாமல் வருடத்தை மட்டும் சொன்னவர்களுக்கெல்லாம் ஆதாரில் அப்படித்தான் விழும். நம் ஊரில் புத்தாண்டன்று பிறந்த பாட்டி தாத்தாக்கள் இத்தனை லட்சம் பேர் இருப்பதன் ரகசியம் இதுதான். அதற்கு முந்தைய ரகசியம் பள்ளிக்கூட வாத்தியார். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது முடிந்தது. உடனே ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டு ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார். எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்தநாள் கொடுத்தது பெற்றோர் அல்ல, வாத்தியார்தான்.

கடற்கரையில் சில வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. கோயில் ஞானஸ்நானப் புத்தகம். பரதவர் 1530-களில் ஞானஸ்நானம் பெற்ற கரை இது. பிறந்த தேதியைவிட ஞானஸ்நானத் தேதியும் பெயர் கொண்ட புனிதரின் திருநாளுமே பெரிது என்றிருந்த குடும்பங்கள் அநேகம். இந்துக் குடும்பங்களுக்கு மாதமும் நட்சத்திரமும். பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டில் பிறை பார்த்த கணக்கு. இந்த மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே சோறு தின்கிற பால்வாடியில்தான் எல்லாருக்கும் ஒரே காலண்டர். டீச்சரின் பதிவேட்டிலும் இப்போது அவர் கையிலுள்ள போன் ஆப்பிலும் ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதியும் இருக்கிறது. எடை, உயரம் எல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு. இத்தனை மாதத்துக்கு இத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று பார்ப்பதற்கு மாதம் சரியாகத் தெரிய வேண்டுமே. அப்பா மறந்தாலும் பிள்ளையின் பிறந்தநாளை டீச்சர் மறக்க வழியில்லை.

பால்வாடி என்ற ஏற்பாடே கடலோரத்தில் தோன்றியதுதான். மகாராஷ்டிரத்தின் கடற்கரைக் கிராமமான பொர்டியில் 1945-ல் தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்ற இரு பெண்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு அதைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைகளின் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார்கள். அந்த வேலையின் தொடர்ச்சிதான் 1975 அக்டோபர் 2-ல் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம். தமிழ்நாட்டில் இன்று ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன.

சோற்றுக் கதை இன்னும் பக்கம். காமராசர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிய எட்டயபுரம் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அரசாங்கக் கஜானாவை மட்டும் நம்பி அது தொடங்கவில்லை. ஊர்க்காரர்கள் நெல்லும் பருப்பும் விறகும் காசும் கொடுத்தார்கள். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் அந்தக் கொடையைத் திரட்டினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தபோது இரண்டு வயதுப் பிள்ளைகளும் அந்தப் பந்தியில் சேர்ந்தார்கள். 1989-ல் முட்டை வந்தது. நான் பார்த்த அன்று ஆயாம்மா உரித்துக்கொண்டிருந்த முட்டைக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், அம்மா. என் பதில்: கொண்டாடுங்கள். ஆனால் உங்கள் மகளுக்கு மட்டும் கொண்டாடாதீர்கள். அந்த மாதத்தில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து, மாதத்தில் ஒரு நாள், ஒரே கொண்டாட்டம். டீச்சரிடம் கேட்டால் பெயர்களைச் சொல்லிவிடுவார். இருபது பிள்ளைகள் இருக்கும் மையத்தில் மாதத்துக்கு ஒருவரோ இருவரோதான் வருவார்கள். அம்மாக்கள் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். முடியாதவர் பங்கை முடிந்தவர் சத்தமில்லாமல் போட்டுவிடலாம். இது என் மூளையில் உதித்த புதுமை ஒன்றும் இல்லை. மத்தியப் பிரதேசத்து அங்கன்வாடிகளில் செவ்வாய்க்கிழமைகளை ‘மங்கள் திவஸ்’ என்று வைத்துக்கொண்டு, வளைகாப்புக்கு ஒன்று, சோறூட்டலுக்கு ஒன்று என்று பிரித்து, குழந்தைகளின் பிறந்தநாளுக்கும் ஒரு செவ்வாயை ஒதுக்கியிருக்கிறார்கள்.

நான் இதை வலியுறுத்துவதற்குத் தூத்துக்குடிக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் பிறந்த மாதத்தைப் பொறுத்துப் பிள்ளையின் அதிர்ஷ்டம் மாறுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மற்ற நாளில் அதிகாலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போய் இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் அப்பா, அந்த 61 நாளும் வீட்டில் இருப்பார். பிறந்தநாளுக்கு அப்பா இருப்பார், கையில் காசு இருக்காது. வலையைப் பின்னிக்கொண்டே பிள்ளையைச் சமாதானப்படுத்துவார். உப்பளத்தில் இதே கதை தலைகீழ் மாதத்தில். தை, மாசியில் பாத்தி கட்டத் தொடங்கி வெயில் ஏற ஏற உப்பு வாரினால் கூலி உண்டு. ஐப்பசி மழை விழுந்தால் பாத்தியெல்லாம் தண்ணீர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மூன்று மாதத்துக்கு அதை எப்படி நீட்டுவது என்று அந்தத் தாயைத்தான் கேட்க வேண்டும். ஆக, மே மாதம் பிறந்த மீனவப் பிள்ளையும் கார்த்திகையில் பிறந்த உப்பளத்துப் பிள்ளையும் ‘அடுத்த வருசம் பார்ப்போம்’ என்ற வாக்கியத்தைக் கேட்டே வளர்கிறார்கள். மாதாமாதம் எல்லாரும் சேர்ந்து செய்தால், ஆவணிக்காரர் கார்த்திகைக்காரருக்கும் சேர்த்துப் போடலாம். படகுக்காரர்கள் பங்குக் கணக்குத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2023 டிசம்பர் மழையைத் தூத்துக்குடி மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! அந்த வாரம் பிறந்தநாள் வந்த பிள்ளைகள் எத்தனை பேர், மொட்டைமாடியிலும் முகாமிலும் அதைக் கழித்திருப்பார்கள். அவர்களுக்கெல்லாம் ஜனவரியில் ஒரு பொது நாள் வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போதும் தோன்றுகிறது.

என்ன கொடுப்பது? கேக் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூத்துக்குடியில் இருந்துகொண்டு நீங்கள் கேக்குக்கு ஏன் அலைய வேண்டும்? மக்ரூன் இருக்கிறதே! முட்டையின் வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க நுரைக்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, கூம்பாகப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைத்து எடுக்கிறார்கள். மைதா இல்லை, கலர் கிரீம் இல்லை, வெட்டக் கத்தி வேண்டாம். யாருக்குப் பெரிய துண்டு, யாருக்குப் பூ வைத்த துண்டு என்ற உள்நாட்டுப் போரும் இல்லை. ஆளுக்கு ஒன்று. வாயில் போட்டால் கரைந்துவிடும். பல் முளைக்கிற வயதுக்கும் பல் விழுந்த ஆச்சிக்கும் பொருந்தும். போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன பண்டம் என்று ஊரில் சொல்வார்கள். வந்த வழி எதுவானாலும் இப்போது அது தூத்துக்குடிக்காரர்களின் சொத்து. ஒரே எச்சரிக்கை: முந்திரியோ முட்டையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது இருக்கிறதா என்று டீச்சரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு முடிந்த பிறகு கொடுங்கள். முன்னால் கொடுத்தால் சோறு இறங்காது, முட்டை மிஞ்சும், ஆயாம்மா உங்களைத் திட்டுவார்.

உருண்டை மிட்டாய், ஜெல்லி, முழு வேர்க்கடலை வேண்டவே வேண்டாம். நான்கு வயதுக்குக் கீழே தொண்டையில் சிக்குகிற பண்டங்கள் இவை. ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் அதே ரகம்; கட்டினால் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டி, கையோடு அவிழ்த்துக் கொண்டுபோய்விடுங்கள். முகத்தில் நுரை அடிக்கிற ஸ்பிரே டப்பாவைக் கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். எரிகிற மெழுகுவத்தி பக்கத்தில் அது குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பிளக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. தெருமுனையில் கறுப்புக் கண்ணாடி மாட்டிச் சிங்காதனத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயதுக் கதாநாயகன், கீழே வாழ்த்தும் தாய்மாமன்மார் பதினாறு பேர். இதைப் பார்க்காத தமிழ்நாட்டுத் தெரு இல்லை. மாமன்மாரின் சந்தோஷத்தில் மண் போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த பிளக்ஸ் காசுக்குப் பால்வாடிக்குப் பத்துப் படக்கதைப் புத்தகம் வாங்கலாம். தடித்த அட்டை, பெரிய படம், பக்கத்துக்கு ஒரு வரி உள்ள புத்தகங்கள். முதல் பக்கத்தில் அந்த மாதப் பிள்ளைகள் எல்லாருடைய பெயரும் இருக்கட்டும். பாப்பாவுக்கென்று பாட்டு எழுதிய பாரதி பிறந்த மாவட்டம் உங்களுடையது. பால்வாடியின் பாடத்திட்டத்துக்கே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்றுதான் பெயர். அந்த அலமாரி காலியாக இருக்கலாமா? பிறகு, போட்டோ. உங்கள் பிள்ளையை எத்தனை வேண்டுமானாலும் எடுங்கள். மற்ற பிள்ளைகள் இருக்கும் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் அவர்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சோறு தின்னும் பிள்ளையைப் படம் பிடித்துத் தானப் பெருமை பேசுவது எனக்கு அறவே பிடிக்காது.

இடையில் ஒன்று, பிறந்தநாளுக்குச் சம்பந்தமில்லாதது. நீங்கள் மீன் கம்பெனியில் வேலை செய்வதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்கள் பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டிலேயே சட்டம் எழுதிவிட்டார்கள். பால்வாடி மூடிய பிறகு உங்கள் மகள் எங்கே இருக்கிறாள் என்று கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. ஒரு ஆச்சி இருக்கிறார் என்று நம்புகிறேன். ஆச்சி இல்லாத வீடுகளும் இருக்கின்றன; அந்த அம்மாக்கள் நாலு பேர் சேர்ந்து கம்பெனியில் இதைக் கேட்கலாம். அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே போடுகிறோம்.

மறுபடி பிறந்தநாளுக்கு வருகிறேன். அன்றைக்குச் செய்ய வேண்டிய இன்னொரு வேலையை நான் பார்த்த பால்வாடியின் டீச்சர் சொன்னார். பிறந்தநாள் பிள்ளையை எல்லார் முன்னாலும் எடைமேடையில் நிறுத்துவதாம். போன பிறந்தநாளுக்கு எத்தனை கிலோ, இன்றைக்கு எத்தனை, சுவரில் உயரக் கோடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொன்னதும் மற்ற பிள்ளைகள் கைதட்டுவார்களாம். தட்டுகிற கைக்கும் அடுத்து ஏறி நிற்க ஆசை வந்துவிடும். எடை பார்க்க அழுகிற பிள்ளைகூட அன்றைக்கு அழாது என்றார். குறைந்திருந்தால்? “சத்தமாச் சொல்ல மாட்டேன். சாயந்தரம் அம்மாட்ட மட்டும் தனியாச் சொல்லுவேன். சத்துமாவு ஒழுங்காக் கிண்டிக் குடுக்கீயளான்னு கேப்பேன்” என்றார். இப்படி ஒரு டீச்சர் கையில் இருக்கும் பிள்ளைக்கு நாம் ஆலோசனை சொல்ல என்ன இருக்கிறது?

உங்கள் மகளுக்கு நம் இதழ்க் குடும்பத்தின் வாழ்த்து. அவளோடு அதே மாதம் மூன்று முடிக்கிற மற்றப் பிள்ளைகளின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். எல்லாருக்கும் ஆளுக்கொரு வாழ்த்து அட்டை பால்வாடி முகவரிக்கு வரும்.

மற்ற வாசகர்களுக்கு: உங்கள் ஊர்ப் பால்வாடியில் பிறந்தநாள் எப்படி நடக்கிறது? எழுதுங்கள். பிள்ளைகள் கிறுக்கிய படங்களையும் அனுப்பலாம். தடைக்காலத்துப் பிள்ளைகளின் கடிதத்தையும் ஐப்பசி, கார்த்திகைப் பிள்ளைகளின் கடிதத்தையும் முதலில் போடுவதாக உத்தேசம். தீபாவளி மலர் வேலை தலைக்கு மேல் கிடப்பதால், பதினைந்தாம் தேதிக்குள் வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்